மலையை நீட்டும் பற்கள்

பேராக்கின் சுங்காய்ப் பட்டணத்தில் நின்று கிழக்கே நோக்கினால் தித்திவங்சா மலைத்தொடர் நீலமாய்த் தெரியும். கைக்கெட்டும் தொலைவில் இருப்பதுபோல் தோன்றினும், பட்டணத்தின் ஊடே செல்லும் பழைய பெருஞ்சாலை அம்மலையைத் தீண்டுவதில்லை. முன்னர்ப் பால்மரமும் பின்னர்ச் செம்பனையும் செறிந்த தாழ்நிலத்தின் வழியே அது மலையடியை ஒட்டி ஓடுகிறது. வடக்கே பீடோர், தாப்பா, கம்பார் கடந்து ஈப்போவுக்கும், தெற்கே துரோலாக், சிலிம் ரிவர் கடந்து தஞ்சோங் மாலிமுக்கும் போகிறது. மிதிவண்டியில் செல்வோர்க்கு இச்சாலை பெரிதும் இணக்கமானது. மேடு வரும், வந்த வேகத்திலேயே முடிந்துவிடும்.

இச்சாலையில் 1970களிலோ 1980களிலோ செய்யப்பட்ட எஃகுப் பந்தய மிதிவண்டி ஒன்றை ஓட்டிப் பார்ப்பவர் அதன் அழகில் மயங்குவார். மெல்லிய குழாய்கள், நேர்த்தியான பொருத்துமுடிகள், கீழ்க்குழாயில் அமைந்த இரு மாற்றுக்கைகள். ஒரு விரல் அசைவில் சங்கிலி இடம் மாறும். முன்னே 52 பல்லும் 42 பல்லும் உடைய இரு பல்வட்டுகள். பின்னே 14 பல்லில் தொடங்கி 24 பல்லில் முடியும் ஐந்தாறு வட்டுகள். இவ்வமைப்பில் சுங்காயிலிருந்து தாப்பா வரையுள்ள ஏறத்தாழ 30 கிலோமீட்டரை இன்பமாகக் கடக்கலாம். தாப்பாவில் வலப்புறம் திரும்பிக் கேமரன் மலைச் சாலையில் ஏறத் தொடங்கியதும் அதே வண்டி வேறொரு வண்டியாகிவிடுகிறது. மிதிகட்டை கல்லாய் இறுகுகிறது, முழங்கால் முறையிடுகிறது, மாற்றுக்கையை மேலும் இழுக்க விரல் தேடுகிறது, இழுக்க இடமில்லை.

குறை வண்டியிலா, காலிலா? இரண்டிலும் இல்லை, இரண்டுக்கும் இடையே உள்ள எண்களில் இருக்கிறது. அவ்வெண்களைச் சற்று நின்று பார்ப்போம்.

கியர் என்று நாம் அன்றாடம் சொல்வதைத் தூய தமிழில் பல்லிணை எனலாம். முன்பல்வட்டின் பற்களைப் பின்பல்வட்டின் பற்களால் வகுத்தால் வருவது பல்விகிதம். முன்னே 42, பின்னே 24 எனில் விகிதம் 1.75. மிதிகட்டை ஒரு முறை சுற்றினால் பின்சக்கரம் ஒன்றே முக்கால் முறை சுற்றும். பந்தய வண்டியின் சக்கரச் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர், ஆகவே ஒரு மிதிச்சுற்றுக்கு வண்டி 3.7 மீட்டர் முன்னேறும். அவ்வண்டியின் மிகக் கடிய பல்லிணையில், அதாவது 52க்கு 14இல், ஒரு சுற்றுக்கு 7.8 மீட்டர். பிரெஞ்சுக்காரர்கள் இவ்வாறே மீட்டரில் எண்ணுவர். ஆங்கிலேயர் வழக்கம் விந்தையானது. பல்விகிதத்தைச் சக்கரத்தின் விட்டத்தால் பெருக்கி அங்குலத்தில் சொல்வர். சங்கிலி தோன்றுமுன் இருந்த உயரச்சக்கர வண்டியின் நினைவு அது. அன்று மிதிகட்டை முன்சக்கரத்தின் அச்சிலேயே இருந்தது. விரைவாகச் செல்ல வேண்டுமாயின் பெரிய சக்கரம் வேண்டும். சக்கரத்தின் அளவுக்குக் காலின் நீளமே எல்லை. 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி சங்கிலியால் பின்சக்கரத்தைச் சுழற்றும் ரோவர் வண்டியைக் கொணர்ந்தபோது அவ்வெல்லை நீங்கியது. சிறிய சக்கரம் பற்களின் துணையால் பெரிய சக்கரம்போல் நடந்துகொண்டது. அதே பற்களைக் கொண்டு சக்கரத்தை மேலும் சிறியதுபோல் நடக்கச் செய்யவும் இயலும் என்பதை உணர்ந்து நடைமுறைக்குக் கொண்டுவர உலகத்துக்கு நெடுங்காலம் பிடித்தது.

இனி மலைக்கு வருவோம். தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை சாலை ஏறத்தாழ 60 கிலோமீட்டர். தானா ராத்தாவின் உயரம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,440 மீட்டர். தாப்பா தாழ்நிலம் ஆகையால், ஏறவேண்டிய உயரம் ஏறத்தாழ 1,400 மீட்டர் எனக் கொள்ளலாம். ஓட்டுநரும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ எனில், அவ்வளவு எடையை அவ்வளவு உயரத்துக்குத் தூக்கச் செய்யவேண்டிய வேலை ஏறத்தாழ 11.7 இலட்சம் சூல். உணவுக் கணக்கில் அது 280 கிலோகலோரி. மனிதத் தசை தான் உண்ட ஆற்றலில் நான்கில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகவே மிதிகட்டைக்குத் தருவதால், உடல் எரிக்க வேண்டியது சுமார் 1,200 கிலோகலோரி. ஏறத்தாழ ஒரு கிலோ சோற்றின் ஆற்றல். காற்றும் உருளல் உராய்வும் கேட்கும் பங்கு இதில் சேரவில்லை.

இந்த ஒரு கிலோ சோற்றை எந்தப் பல்லிணையாலும் குறைக்க முடியாது. எளிய கியர் மாட்டினால் மலை குறைந்துவிடும் என்று நம்புவோர் உண்டு. மலை குறையாது, நீளும். செய்யவேண்டிய வேலை என்பது விசையும் தொலைவும் பெருக்கிய பயன். பெருக்கற்பயன் மாறாதபோது ஒன்றைக் குறைக்க வேண்டுமானால் மற்றொன்றைக் கூட்டியாக வேண்டும். பல்லிணை செய்வது அவ்வளவே: கால் பயணம் செய்யும் தொலைவைக் கூட்டி, ஒவ்வோர் அழுத்தத்திலும் கால் தரவேண்டிய விசையைக் குறைக்கிறது.

தோட்டத்தில் வாழ்ந்தவர்க்கு இவ்விதி புதிதன்று. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பெயர் கொடுத்து, தம் நிரைக்குப் போன பால்வெட்டுத் தொழிலாளர் குன்றுக்காட்டில் நேரே ஏறியதில்லை. சரிவைக் குறுக்கே வெட்டிய படித்தடங்களில் வளைந்து வளைந்து ஏறினர். நிறைந்த வாளிகளைக் காண்டாக்கட்டையில் தோளேற்றித் திரும்புகையிலும் அவ்வாறே. நேர்வழி குறுகியது, ஆயினும் மூச்சைப் பறிப்பது. சுற்றுவழி நீண்டது, ஆயினும் சுமப்போரைக் காப்பது. 1931இல் நிறைவுற்ற தாப்பா மலைச்சாலையும் இதே சூழ்ச்சியால் ஆனதுதான். 1,400 மீட்டர் உயரத்தைப் பொறியாளர்கள் 60 கிலோமீட்டராக நீட்டி வைத்தனர். சராசரிச் சாய்வு நூற்றுக்கு இரண்டரைக்கும் குறைவு. மலைச்சாலை என்பதே நிலத்தில் கிடத்திய ஒரு பல்லிணை. சாலை நீட்டியது போதாத இடத்தில் பற்கள் நீட்டவேண்டும்.

போதாத இடங்கள் பல உள. சராசரி என்பது மலையேறுவோரை ஏமாற்றும் எண். சில இடங்களில் சாலை இறங்கவும் செய்கிறது. இறங்கியதை மீண்டும் ஏற வேண்டும். கொண்டைவளைவுகளில் மற்றொரு நுட்பம் உண்டு. வளைவின் உட்புறமும் வெளிப்புறமும் ஒரே உயரத்தையே ஏறுகின்றன. உட்புறத்தின் நீளமோ குறைவு. ஆகவே உட்புறம் செங்குத்து மிகுந்தது. நம் நாட்டில் வண்டிகள் இடப்புறம் செல்வதால், இடப்பக்கம் வளையும் ஒவ்வொரு திருப்பத்திலும் மிதிவண்டிக்காரர்க்கு வாய்ப்பது அந்தச் செங்குத்தான உட்புறமே.

நூற்றுக்கு ஆறு என்னும் சாய்வை எடுத்துக்கொள்வோம். அதில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் 85 கிலோவை ஏற்ற ஏறத்தாழ 160 வாட் திறன் வேண்டும். உழைத்துப் பழகிய உடல் ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய அளவு அது. ஆனால் 42க்கு 24இல் அவ்வேகத்துக்கு மிதிகட்டை நிமிடத்துக்கு 45 முறைதான் சுற்றும். அவ்வளவு மெதுவாகச் சுற்றி 160 வாட் தர, மிதிகட்டையின் மேல் சராசரியாக 20 கிலோ எடைக்கு நிகரான விசை வேண்டும். இது சராசரி. கால் கீழே அழுத்தும் கணத்தில் விசை ஏறத்தாழ இருமடங்காகும். மேலும் கீழும் உள்ள இறந்த நிலைகளில் ஒன்றுமில்லாமற் போகும். இப்போது முன்னே 34, பின்னே 32 என மாற்றிப் பாருங்கள். ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர், அதே வேகத்துக்கு நிமிடத்துக்கு 75 சுற்று, சராசரி விசை 12 கிலோ. திறன் அதுவே, வேகம் அதுவே, சோறும் அதுவே. முழங்காலுக்கு மட்டும் வேறு உலகம்.

ஏன் இவ்வாறு? தசை கடுமையாக இறுகும்போது தன்னுள் ஓடும் குருதிக் குழாய்களைத் தானே நசுக்கிக்கொள்கிறது. உயிர்வளி வேண்டிய நேரத்தில் அது வரும் வழி அடைபடுகிறது. மென்மையாகவும் அடிக்கடியும் இறுகும் தசைக்கு இந்த இடர் குறைவு. சுமை தசையிலிருந்து நெஞ்சுக்கும் நுரையீரலுக்கும் மாறுகிறது. நெஞ்சு களைத்தால் சற்று நேரத்தில் தெளியும். தொடைத்தசை முற்றாகச் சோர்ந்தால் அன்றைய பயணம் முடிந்தது.

நம் தட்பவெப்பம் இதில் ஒரு பங்கு பெறுகிறது. 160 வாட்டை மிதிகட்டைக்குத் தரும் உடல் 500 வாட்டுக்கு மேல் வெப்பமாக வெளியிடுகிறது. சமநிலத்தில் விரையும்போது எதிர்க்காற்று வியர்வையை உலர்த்தும். மணிக்கு 10 கிலோமீட்டரில், ஈரம் நிறைந்த பேராக் காற்றில், வியர்வை உலராமல் வழியும். ஆகவே விடியற்காலையில் ஏறுவதே அறிவு. 100 மீட்டர் ஏறுந்தோறும் ஏறத்தாழ அரைப்பாகைக்கு மேல் குளிர்வதால், லாத்தா இஸ்கந்தார் அருவியைத் தாண்டியபின் மலை தானே விசிறத் தொடங்கும்.

இத்தனை எளிய கணக்கை அக்காலப் பந்தய வண்டி செய்தோர் அறியாரா? அறிவர். அவர்கள் செய்தது நமக்காக அன்று. பயிற்சி பெற்ற இளம் பந்தய வீரருக்காகச் செய்ததை உலகெங்கும் விற்றனர். எளிய பல்லிணை மெலிந்தோர்க்கு உரியது என்னும் செருக்கும் அத்தொழிலில் ஊறிக் கிடந்தது. பிரான்சின் செயின்ட் எத்தியென் நகரில் வெலோசியோ என்னும் புனைபெயரில் எழுதிய பால் தெ விவி (1853–1930) பல பல்லிணைகளின் பயனைத் தம் இதழிலும் தம் மலைப்பயணங்களிலும் வாழ்நாளெல்லாம் எடுத்துரைத்தார். ஆயினும் பிரான்சுச் சுற்றுப் பந்தயத்தை நிறுவிய ஆன்றி தெகிராஞ்சு சங்கிலிமாற்றியைப் போட்டியில் ஏற்க மறுத்தே வந்தார். 1937இல்தான் அது அனைவர்க்கும் திறந்துவிடப்பட்டது. அதுவரை வீரர்கள் மலையடியில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, மறுபக்கம் திருப்பி மாட்டினர். ஒருபக்கம் சமநிலத்துக்கான பல்வட்டு, மறுபக்கம் மலைக்கானது.

ஆங்கிலேயர் வேறு வழி கண்டனர். சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே பல்லிணைகளை மறைத்து வைத்தனர். ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனம் 1936இல் வெளியிட்ட மூன்றடுக்குக் குடத்தில், நடுப்பல்லிணையை நூறு என்றால் எளியது 75, கடியது 133. அமைப்பு எளியது, மழைக்கும் மண்ணுக்கும் அஞ்சாதது. முன்னே 46, பின்னே 20 பல் உடைய கறுப்பு நிற உயர வண்டியில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 5 மீட்டர். இக்குடம் அதை 3.8 மீட்டராகக் குறைக்கும். மேலே கண்ட பந்தய வண்டியின் மிக எளிய பல்லிணையும் இதுவும் கிட்டத்தட்ட ஒன்றே என்பது நகைப்புக்குரியது. ஐந்தாறு வட்டுகள் சேர்ந்து சாதித்த எளிமையை ஒரு கிராணியின் மூன்றடுக்கு வண்டியே தந்துவிடுகிறது.

ஒற்றைப் பல்லிணையே உடைய வண்டிகள் சுங்காய் வழியே சென்ற ஒரு காலத்தையும் நினைக்கவேண்டும். 1941 டிசம்பரில் மலாயாவின் வடக்கில் புகுந்த சப்பானியப் படையின் காலாட்கள் ஆயிரக்கணக்கில் மிதிவண்டியில் வந்தனர். கம்பாரில் டிசம்பர் 30 முதல் சனவரி 2 வரை நடந்த போருக்குப்பின் பிரித்தானியப் படை தாப்பா, பீடோர், சுங்காய் வழியே பின்வாங்கியது. 1942 சனவரி 7ஆம் நாள் விடியுமுன், சுங்காய்க்குத் தெற்கே துரோலாக்கில், சப்பானியத் தகரிகள் பிரித்தானிய அரண்களைப் பிளந்து சிலிம் ஆற்றுப் பாலம் வரை பாய்ந்தன. டயர் வெடித்தால் அப்படையினர் அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெற்று வளையத்திலேயே ஓட்டினர் என்றும், தார்ச்சாலையில் எழுந்த அந்த ஓசையைத் தகரிகளின் ஓசை என்று எதிரிகள் மயங்கினர் என்றும் சப்பானியப் படை அதிகாரிகளின் நினைவுக்குறிப்புகள் கூறுகின்றன. பல்லிணை மாற்றம் இல்லாத வண்டிகள் அவர்களுக்கு எவ்வாறு போதுமாயின? விடை சாலையில் இருக்கிறது. ஈயத்துக்கும் ரப்பருக்கும் ஆங்கிலேயர் போட்ட பெருஞ்சாலை மலையைச் சுற்றிப் போயிற்று, மலையில் ஏறவில்லை. தெற்கு நோக்கி வந்த அந்த வண்டிகளைத் தாப்பாவில் இடப்புறம் திருப்பியிருந்தால் வீரர்கள் இறங்கித் தள்ளியிருப்பர்.

பழைய எஃகு வண்டியில் இனி என்ன செய்யலாம்? முன்பல்வட்டைக் குறைப்பதா, பின்பல்வட்டைக் கூட்டுவதா என்பதே முதற்கேள்வி. விகிதக் கணக்கில் இரண்டும் ஒன்று. இயந்திரக் கணக்கில் அன்று. ஏற்றமும் வேகமும் மாறாதபோது பின்சக்கரத்துக்கு வேண்டிய முறுக்குவிசை மாறாது; மேலே கண்ட எடுத்துக்காட்டில் அது ஏறத்தாழ 19 நியூட்டன் மீட்டர். அதைச் சங்கிலி பின்பல்வட்டின் ஆரத்தில் நின்று தரவேண்டும். 24 பல் வட்டின் ஆரம் நாலே முக்கால் சென்டிமீட்டருக்குச் சற்று மேல். சங்கிலியின் இழுவிசை 40 கிலோ எடை அளவு. 32 பல் வட்டில் ஆரம் ஆறரை சென்டிமீட்டர். இழுவிசை 30 கிலோவாகக் குறைகிறது. முன்வட்டை மட்டும் குறைத்தால் காலுக்கு எளிதாகும், சங்கிலிக்கோ அதே 40 கிலோ. பின்வட்டைக் கூட்டினால் காலும் சங்கிலியும் ஒருங்கே இளைப்பாறும். பின்னிருந்தே தொடங்குங்கள் என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம். செலவு குறைவு என்பது மற்றொன்று.

கடைக்காரர் ஃபிரீவீல் என்று சொல்லும் அந்தப் பல்லடுக்கு, பழைய வண்டிகளில் குடத்தின் மேல் திருகாணியாக ஏறி அமர்ந்திருக்கும். மிதிக்கும் விசையே அதை மேலும் மேலும் இறுக்குவதால், நாற்பது ஆண்டு கழித்துக் கழற்றுவது எளிதன்று. அதற்குரிய கழற்றி ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறு. பொருந்தாத கழற்றியைப் போட்டால் வெட்டுகள் சிதைந்து, பிறகு எதனாலும் கழற்ற இயலாமற் போகும். திருகின் அளவும் நாட்டுக்கு நாடு வேறுபட்டது. ஆங்கில, இத்தாலியத் திருகுகள் ஏறத்தாழ ஒத்துப்போகும்; பிரெஞ்சுத் திருகின் விட்டம் சிறியது, புரியும் வேறு. பிரெஞ்சுக் குடத்தில் ஆங்கிலப் பல்லடுக்கைத் தளர்வாக ஏற்றி ஓட்டியவர் முதல் கடும் ஏற்றத்திலேயே திருகு வழுக்கி நிற்பார்.

அடுத்தது சங்கிலிமாற்றி. அது இரண்டு வேலை செய்கிறது: சங்கிலியை ஒரு வட்டிலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளுவது, தளரும் சங்கிலியைச் சுருட்டிக்கொள்வது. எவ்வளவு சுருட்ட வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. முன்வட்டுகளின் வேறுபாட்டையும் பின்வட்டுகளின் வேறுபாட்டையும் கூட்டுக. 52–42, 14–24 எனில் பத்தும் பத்தும் இருபது. குறுங்கை மாற்றியே போதும். 50–34, 14–32 எனில் பதினாறும் பதினெட்டும் முப்பத்து நான்கு. நெடுங்கை மாற்றி வேண்டும். பழங்காலத்து நெடுங்கை மாற்றிகளில் சப்பானின் மாயெதா நிறுவனம் சன்டூர் என்னும் பெயரில் விற்றவை இன்றும் தேடப்படுகின்றன. 1964இல் அந்நிறுவனம் கண்ட சாய்ந்த இணைகரம் என்னும் அமைப்பு, மாற்றியின் உருளையைச் சிறிய வட்டுக்கும் பெரிய வட்டுக்கும் ஒரே இடைவெளியில் அழைத்துச் செல்லும். காப்புரிமை 1984இல் முடிந்ததும் உலகம் முழுவதும் அதைப் பின்பற்றியது. இன்றைய மாற்றிகளிற் பெரும்பாலானவை அதன் வழித்தோன்றல்களே.

பழைய வண்டியின் மாற்றுக்கை உராய்வால் நிற்பது. சொடுக்கு இல்லை, எண் இல்லை. குறை என்று பலர் கருதும் இதுவே மாற்றம் செய்வோர்க்குப் பெருங்கொடை. எத்தனை வட்டு, என்ன இடைவெளி, எந்நிறுவனத்து மாற்றி என்று அது கேட்பதில்லை. கை அறிந்தால் போதும்.

பின்னே 28 அல்லது 32 பல் வைத்தும் போதாதவர் முன்னே செல்லலாம். இங்கே தடையாவது பல்வட்டைத் தாங்கும் ஐந்து திருகுகள் அமைந்த வட்டத்தின் விட்டம். காம்பக்னோலோவின் புகழ்பெற்ற பந்தய மிதிதண்டுகளில் அது 144 மில்லிமீட்டர். 41 பல்லுக்குக் கீழே வட்டு பொருந்தாது. 130 மில்லிமீட்டர் எனில் 38 வரை. 110 எனில் 34 எளிதாக வரும். 144இல் 34 வேண்டுமென்று பிடிவாதம் செய்வதில் பொருளில்லை, மிதிதண்டையே மாற்றவேண்டும். மூன்று வட்டு வைப்போர் உள்ளச்சையும் நீளமானதாக மாற்றவேண்டும். இல்லையேல் உள்வட்டு சட்டகத்தின் குழாயை உரசும்.

புதிய பின்சக்கரம் போட விரும்புவோர்க்கு எஃகு ஓர் அருமையான வசதி செய்து தருகிறது. ஆறு வட்டுக் காலத்துச் சட்டகத்தின் பின்கவையின் அகலம் 126 மில்லிமீட்டர். எட்டு வட்டுச் சக்கரத்துக்கு 130 வேண்டும். பக்கத்துக்கு 2 மில்லிமீட்டர் விரிக்கவேண்டும். எஃகைச் சிறிது வளைத்து விட்டால் பழைய நிலைக்கு மீளும். அவ்வெல்லைக்கு மேல் வளைத்தால் வளைத்த இடத்திலேயே, முறியாமல், நிற்கும். அலுமினியச் சட்டகத்திலோ கரியிழைச் சட்டகத்திலோ இதைச் செய்ய எவரும் துணியலாகாது. விரித்தபின் கைப்பிடித் தலையிலிருந்து பின்கவை வரை இருபுறமும் நூல் கட்டி, நடுக்குழாயிலிருந்து இடைவெளி அளந்து, இருபுறமும் ஒன்றாக உள்ளதா என்று பார்க்கவேண்டும். பழைய கடைகளில் இதை நூல் பிடித்தே முடிப்பர். அதைவிடச் சிறந்த கருவி தேவையும் இல்லை.

புதிய சக்கரத்தில் மற்றொரு நன்மையும் உண்டு. பழைய திருகுக் குடத்தில் வலப்புறத் தாங்கி பல்லடுக்குக்கு உட்புறம் அமைந்தது. அச்சின் வலக்கோடி தாங்கலின்றி நீண்டு நின்றது. அடுக்கு அகலும்தோறும் அச்சு வளையும், சில வேளை முறியும். ஷிமானோ 1978இல் கொணர்ந்த அமைப்பு தன்னோட்டப் பகுதியைக் குடத்தோடு இணைத்துத் தாங்கியை வெளிக்கோடிக்கு நகர்த்தியது. கனமான உடலினர்க்கும், முதுகில் பொதியோடு ஏறுவோர்க்கும் இதுவே தக்கது.

எவ்வளவு எளியது போதும் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. மணிக்கு ஆறேழு கிலோமீட்டருக்குக் கீழே மிதிவண்டி தன்னிலை காக்கத் தடுமாறும். கைப்பிடி இடமும் வலமும் ஆடும். நடப்பவர் நம்மைத் தாண்டிச் செல்வார். ஒரு சுற்றுக்கு ஒன்றரை மீட்டருக்கும் குறைந்த பல்லிணை, பொதிசுமந்து நெடும்பயணம் செல்வோர்க்கு அன்றி நமக்கு வேண்டாதது. 34க்கு 28 அல்லது 34க்கு 32 கேமரன் சாலைக்குப் பெரும்பாலோர்க்கு நிறைவாகும்.

எல்லாம் பூட்டியபின், சங்கிலியை முன்னுள்ள பெரிய வட்டிலும் பின்னுள்ள பெரிய வட்டிலும் ஒருசேரப் போட்டுப் பார்க்கவேண்டும். அந்நிலையில் ஓட்டக்கூடாதுதான், ஆயினும் கை ஒருநாள் தவறும். அப்போது சங்கிலி குறுகியிருந்தால் மாற்றி முறிந்து ஆரக்கம்பிகளுக்குள் போகும்.

மேலேறியவர் இறங்கவும் வேண்டும். ஒரு கிலோ சோறு செலுத்தி உயர்த்திய அந்த 11.7 இலட்சம் சூல் ஆற்றல் இறக்கத்தில் காத்திருக்கிறது. இறங்குகையில் அதிற் பெரும்பகுதியைக் காற்று எடுத்துக்கொள்ளும். எஞ்சியதைத் தடைக்கட்டைகளும் சக்கர வளையமும் வெப்பமாக வாங்கவேண்டும். பழைய வண்டிகள் சிலவற்றில் வளையம் குரோமியம் பூசிய எஃகு. மழை நனைத்த அவ்வளையத்தில் தடை பிடிக்கச் சக்கரம் பல சுற்று சுற்றியாக வேண்டும். அந்த மலையில் பிற்பகல் மழை பெய்யாத நாள் குறைவு. ஆகவே புதிய பின்சக்கரம் வாங்குவோர் அலுமினிய வளையமுள்ளதையே வாங்குக. முன்சக்கரத்தையும் அன்றே மாற்றுக.